நாண் பூட்டிய வில்

5 நொவம்பர் 1994, சனி

காலையில் வேட்டைக்குப் புறப்பட்டு அலுமாரியைத் திறந்தால், வில்லில் நாண் பூட்டியபடியே இருந்தது. நாணைக் கழற்றாமல் நான் ஒருநாளும் வில்லை வைப்பதில்லை. வைத்தால் மரம் தளர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் குகனைத்தான் முதலில் பிடித்தேன்.

"கடவுளாணை, நான் உந்த வில்லைத் தொடவே இல்லை அண்ணை" என்றான். நான் நம்பவில்லை. வேட்டைக்கும் போகவில்லை.

பின்னேரம் என் மனைவி வசந்தி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கோப்பை கழுவினாள். மான் பாவம் என்று இறைச்சியைத் தொடவே மாட்டாள். அவளுடைய இடது முன்கையின் உள்பக்கம் நீளமாகக் கன்றியிருந்தது. வில் பழகிய புதிதில் நாண் அடித்து எனக்கும் அதே இடத்தில்தான் கன்றியது.

"என்னப்பா உது?"

"கேக் சுடுற அவண் கதவு சுட்டுப்போட்டுது."

"சுட்டால் உப்பிடிக் கன்றுமோ?"

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

கராஜில் தொங்கும் என் பழைய வேலை ஜக்கெட்டில் போன கிழமை ஓட்டை கண்டேன். எலி என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். இடது நெஞ்சுப் பொக்கற்றில் மூன்று ஓட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல.

ஆறு வருடமாக எய்கிறேன். எனக்கு ஒருநாளும் அம்பு அப்படி ஒட்டி விழுந்ததில்லை.