மூன்றாவது மங்கல்

மே 9
காலையிலிருந்தே மேகம். ஏற்கெனவே இரண்டு முறை மங்கிய அந்த நட்சத்திரம் இன்றிரவு மூன்றாம் முறையும் மங்கினால், அதன் குறுக்கே ஒரு கோள் போகிறது என்று துணிந்து சொல்லலாம். அட்டகாமா பாலைவனத்தில் இன்றைக்கென்று பார்த்தா மழை வர வேண்டும்?

என் கணவன் எவாரிஸ்தோ பூட்ஸ் மாட்டிக்கொண்டே சிரித்தான். "ஆண்டிஸ் மலை மழையத் தடுக்கிறதாலதான உனக்கு வருஷம் பூரா வானம் தெரியுது. ஒரு நாள் அது லீவு போட்டா பொறுத்துக்கயேன்."

பாறைகளை அளப்பவன். மலைக்கு எப்போதும் வக்காலத்து. பள்ளத்தாக்கில் கருவிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவானாம்.

மே 10
தொலைநோக்கியின் கூரையைத் திறக்கவே இல்லை. இரவெல்லாம் மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கீழே பள்ளத்தாக்கில் மண்சரிவு என்று காலையில்தான் சொன்னார்கள். எவாரிஸ்தோ போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.

மே 13
அவன் வண்டி கிடைத்தது. ஜன்னல் வரை சேறு. உள்ளே யாரும் இல்லை. அப்படியென்றால் — இறங்கி ஓடியிருக்கலாம், இல்லையா?

மே 14
இல்லையா?

மே 22
"மலை ஒரு பக்கம் வளருது, ஒரு பக்கம் கரையுது. அது கரைஞ்சு வந்த மண்ணுலதான் நம்ம திராட்சையே வெளையுது" என்பான். இன்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். மலையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 2
தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மாமியார் ஓர்தென்சியா அனிமித்தா வைக்க வேண்டும் என்கிறார். உயிர் போன இடத்தில் வைக்கிற அந்தக் குட்டி வீட்டை எந்த இடத்தில் வைப்பது? கத்திவிட்டேன். அவன் செத்தத யாரு பாத்தா?

அத்தை அழவில்லை. "நீ சொல்ற கிரகத்த யாரும்மா பாத்தா? வெளிச்சம் கொறஞ்சுதுன்னுதான சொல்ற. என் வீட்டுலயும் கொறஞ்சுதான் கெடக்கு."

கிளம்ப எழுந்தேன். அந்த நிலையிலும் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார்.

ஜூன் 18
தெளிந்த வானம். அடுத்த சுற்றுக்கு எதிர்பார்த்த நேரத்தில் நட்சத்திரம் மூன்றாம் முறையாக மங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பழையபடி ஆனது. கோள் இருக்கிறது. எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. எங்களுக்குப் பழையபடி ஆகாது.

ஜூன் 21
அத்தையும் நானும் பள்ளத்தாக்குக்குப் போனோம். வண்டி கிடந்த இடத்தில் கல் அடுக்கித் தகர வீட்டை வைத்தோம். பெயர் எழுதும் தூரிகையை அத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுதிடும்மா."

எவாரிஸ்தோ என்று எழுதினேன். அதன் கீழே, மே 9.