நாற்றமில்லாத சோறு

இன்று காலை பாத்திரத்தின் மூடியைத் திறந்து நேற்றைய சோற்றை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. புளிக்கவில்லை, நூல் விடவில்லை, பொலபொலவென்று உதிரியாகவே இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நல்ல சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி முறைத்துப் பார்க்கிறவள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "நாறினா பயமில்லடி, எவளும் திங்க மாட்டா. நாறாம இருக்கு பாரு, அதைத்தான் நான் நம்ப மாட்டேன்" என்பாய்.

கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பில் நுண்ணுயிரியல் படித்தோம். நான் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். நீ பரிசோதனைக் கூடத்திலேயே தங்கிவிட்டாய். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணின் புடவையைப் பார்ப்பார்கள். நீ ஐஸ்கிரீம் கரண்டியை முக்கி வைத்திருக்கும் தண்ணீரைப் பார்ப்பாய். உன்னோடு விருந்துக்குப் போவது போலீஸ்காரரோடு திருவிழாவுக்குப் போவது போல.

என் மகள் கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் உனக்கு மறந்திருக்காது. பூசை முடிந்து எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் மதியச் சாப்பாடு. செலின் அக்கா கறிக்குழம்பும் வறுவலும் செய்து கொண்டுவந்திருந்தார். கணவர் போன பிறகு ஆர்டருக்குச் சமைத்துத்தான் அவர் வீடு ஓடியது. சோறு மட்டும் எங்கள் வீட்டிலேயே என் நாத்தனார் வடித்தது. மிஞ்சிய சோற்றை அண்டாவோடு ஈரத்துணி போட்டு மூடி, மேலே கோணியைப் போர்த்தி வைத்தார். எங்கள் வீடுகளில் அப்படித்தான். விசேஷத்துக்கு யார் எவ்வளவு தாமதமாக வந்தாலும் சோறு சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிய சோறு போட்டால் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். சாயங்காலம் வந்தவர்களுக்கு அதே சோற்றில் காய்கறி போட்டு வறுத்துக் கொடுத்தோம்.

அவர்கள் கிளம்பிப் போவதற்குள்ளேயே வாந்தி ஆரம்பித்தது. வெள்ளை கவுனைக்கூட மாற்றாமல் என் மகள் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நீ வருவதற்குள் நாத்தனார் தீர்ப்பு எழுதிவிட்டார். "கறி அவ கை பட்டது. அவ வீட்டு அடுப்படிய யாரு பார்த்தா? பங்குச் சாமியார்கிட்ட சொல்லிடறேன், கோவில் திருவிழா சமையல் இனிமே அவளுக்கு இல்ல." திருவிழா சமையல் போனால் மற்ற ஆர்டர்களும் போகும். செலின் அக்கா பாத்திரம் எடுக்க வந்தவர், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "நான் என்னம்மா பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார்.

நீ யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. "யாரு எப்ப என்ன சாப்பிட்டாங்க?" என்று ஆரம்பித்தாய். மதியம் கறி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். மாடி வீட்டுக்காரர் சைவம். கறியைத் தொட்டதே இல்லை. சாயங்காலம் வறுத்த சோறு சாப்பிட்டார், அவரும் வாந்தி. நீ அண்டாவின் அடியில் மிச்சமிருந்த சோறு, குழம்பு, மூட்டையிலிருந்த அரிசி மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போனாய்.

பிறகு என்னைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரச்சொல்லி மைக்ரோஸ்கோப்பில் காட்டினாய். சாயத்தில் கருநீலமாக, பருத்த குச்சிகள், ரயில் பெட்டிகள் போலத் தொடராக. ஒவ்வொன்றின் நடுவிலும் சாயம் ஏறாத ஒரு வெள்ளைப் பொட்டு. "பேசில்லஸ் செரியஸ். அந்த வெள்ளைதான் வித்து" என்றாய். கிருமி வளர்க்கும் தட்டில் அது மெழுகு தேய்த்தது போல மங்கலாகப் படர்ந்திருந்தது. நான் கைதட்டாத குறை. நீயோ உன் கண்டுபிடிப்பையே சந்தேகப்பட்டாய். "சோத்துல இது இருக்கறது பெரிய விஷயமில்லடி. எந்த அரிசியிலயும் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு இருக்குன்றதுதான் விஷயம்." அரிசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. குழம்பிலும் ஒன்றிரண்டுதான். அண்டாச் சோறு வைத்த தட்டில் இடமே இல்லை. அதையும் மறுபடி ஒரு தடவை வளர்த்துப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

"கொதிக்கக் கொதிக்க வடிச்ச சோறு. திரும்ப சட்டியில போட்டு வறுத்திருக்கு. அப்புறமும் எது உசுரோட இருக்கும்?" என்றார் நாத்தனார்.

"கொதிச்சா வித்து சாவாதுக்கா, தூங்கும். நீங்க கோணி போத்தி கதகதப்பா வச்சீங்க இல்ல, அதுல எழுந்து பெருகும். வறுக்கும்போது அது செத்திருக்கலாம். ஆனா அது கக்கின விஷம் வறுத்தாலும் போவாது."

"அப்போ எங்க வீட்டு அரிசியில கிருமின்றியா?"

"எங்க வீட்டு அரிசியிலயும்தான். மண்ணுல இருக்கு, ரோட்டுத் தூசியில இருக்கு, மல்லிப் பொடியில இருக்கு. அதோட ஊர்லதான்க்கா நாம குடியிருக்கோம்."

நாத்தனார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் சாமியாரிடமும் போகவில்லை. திருவிழா அன்று செலின் அக்காவின் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கியதை நீயும் நானும் பார்த்தோம். "அவங்க மேலயே கண்ணு வைடி, இன்னொரு தடவை கேப்பாங்க" என்றாய்.

மனிதர்களைச் சந்தேகப்படுவது சுலபம். அதற்குத் தட்டும் சாயமும் வேண்டாம். நீ சந்தேகப்பட்ட விதம் வேறு. உன் சந்தேகத்தால்தான் ஒரு பெண்ணின் அடுப்பு அணையாமல் இருந்தது.

அப்படிப்பட்ட நீ உன் நெஞ்சுவலியை மட்டும் வெறும் வாயு என்று எப்படி நம்பினாய்? போன வருஷம் கடற்கரையில் நடக்கும்போது பாதியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்தாய். "ஒண்ணுமில்லடி, கேஸு" என்றாய். நீ அந்த வாரம் தாண்டவில்லை. எதையும் இரண்டு தடவை வளர்த்துப் பார்க்கிறவள் அதை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. தெரிந்தேதான் சொன்னாயோ என்று இன்னும் சந்தேகப்படுகிறேன். இந்தச் சந்தேகத்தை எந்தத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது?

உன் முப்பதாம் நாள் பூசைக்குச் செலின் அக்காதான் சமைத்தார். வடித்த சோற்றை, யாரும் சொல்லாமலே, சீக்கிரம் ஆறட்டும் என்று அகலத் தட்டுகளில் பரப்பி ஃபேனுக்கடியில் வைத்தார்.

போன வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, கேஸு" என்றார். நான் செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். "அடுப்புல பருப்பு வச்சிட்டு வந்திருக்கேன், பாவி!" ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உட்காரவைத்து மறுபடியும் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நிஜமாகவே கேஸ்தான்.

சந்தேகம் பொய்யாகிப்போவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

திரும்பும்போது செலின் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எங்கயும் போவல. உன்கிட்டதான் குடியிருக்கா" என்றார்.