கேட்காமல் விட்டவள்

2024 மார்ச் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. கொழுந்தெடுக்கப் போன இரண்டு பேர் வழுக்கி விழுந்து கிளினிக்குக்கு வந்தார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

புதன்கிழமை கீழே பெரிய ஆஸ்பத்திரியில் உறுப்புதானம் பற்றிப் பயிற்சியாம். எஸ்டேட் கிளினிக் நர்சுகளும் வரவேண்டுமாம். என் வீட்டுக்காரர் உயிர் போன இடம். அதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதிக்கவில்லை. போய்த்தான் ஆகவேண்டும்.

மார்ச் 13, புதன்



பயிற்சியில் ஆளாளுக்குப் பேசினார்கள். தங்கள் ஆட்கள் முதலில் மார்க்க ஆசிரியரான உஸ்தாஸைத்தான் கேட்பார்கள், அதனால் தனக்குக் கேட்கவே கூச்சம் என்றாள் மலாய் நர்ஸ் ரொஹானா. முழு உடம்போடுதான் போவேன் என்று தன் அம்மாவே பிடிவாதம் பிடிக்கிறார் என்று சிரித்தார் ஒரு சீன டாக்டர். அப்புறம் ஐசியு நர்ஸ் யுவனேஸ்வரி எழுந்தாள். நம்ம பொண்ணு.

"எஸ்டேட்காரங்கன்னா நான் கேக்கவே மாட்டேன்லா. போன வருஷம் கேமரன் மலைலேருந்து ஒரு காய்கறி லோரி டிரைவர். மூளைச்சாவு. உடம்பு நல்லா இருந்துச்சு. குடும்பத்த கேக்கலாமான்னாரு டாக்டர். வேணாம் டாக்டர், மாரடிச்சு அழுவாங்க, வார்டே ரெண்டாயிடும்னு நான்தான் தடுத்தேன்."

கோலா தெர்லா வளைவில் கவிழ்ந்த லோரி. என் லோகேஸ்வரன்.

அன்றைக்கு ஐசியு வாசலில் யாராவது வந்து கேட்பார்கள் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்: "நான் போயிட்டா எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துரு சசி. லோரி ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரிதான்லா." யாரும் வரவில்லை. உள்ளே எல்லாம் நசுங்கிப்போயிருக்கும், அதனால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நல்லா இருந்துச்சாம். உடம்பு நல்லா இருந்துச்சாம்!

மார்ச் 14

அவளை விடமாட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

ரொஹானாவிடம் விசாரித்தேன். யுவனேஸ்வரிக்குப் பதவி உயர்வு வரப்போகிறதாம். வரட்டும், பார்க்கிறேன்.

மேட்ரனுக்குப் புகார் எழுதினேன். முதலில் எழுதியது முழுக்க ஏச்சு, கிழித்துப் போட்டேன். நடந்ததை மட்டும் எழுதினேன். அதுதான் ஆழமாக இறங்கும். அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கே போன் செய்து, நான் யார், என்ன எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். பயப்படட்டும். தூக்கம் கெட்டுக் கிடக்கட்டும், என்னைப் போல.

மார்ச் 24, ஞாயிறு

வந்தாள். மலையேறி, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு.

"மன்னிச்சிருங்கக்கா. அது உங்க வீட்டுக்காரர்னு தெரியாது."

"வேற யாரு வீட்டுக்காரரா இருந்தா பரவால்லயா?"

பழப்பையைக் கீழே வைத்தாள். "முன்னாடி ஒருத்தவங்களக் கேட்டு, அவங்க என் கன்னத்துலயே அறைஞ்சிட்டாங்க. அதுலேருந்து பயம். ஆனா... நீங்களும் நர்ஸ்தானேக்கா? நீங்களே வாயத் தொறந்து சொல்லிருக்கலாமே?"

"புருஷன் மெஷின்ல கெடக்கும்போது நான் நர்ஸ் இல்லடி!"

அத்தையைக் கூப்பிட்டேன். "இவங்கதான் அவரப் பெத்தவங்க. இவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு, ஏன் கேக்கலன்னு." அத்தை மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, ஆசைப்பட்டேன்.

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லிருப்பேன்."

அவள் முகத்தில் உயிர் வந்தது. எனக்கு அத்தை மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"ஆனா அத நான்ல சொல்லணும்? எனக்குப் பதிலா சொல்ல நீ யாரு? இவ பேசிருப்பா, அவன் ஆசைன்னு சொல்லிருப்பா. நான் மனசு மாறிருப்பேனோ என்னமோ. இப்ப அதுவும் தெரியாமப் போச்சு."

யுவனேஸ்வரி அழுதாள். பழத்தை அவள் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

மார்ச் 25

புகாரை அனுப்பிவிட்டேன்.

மே 6, திங்கள்

அவளை வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வும் இல்லை. சந்தோஷமா? ஆமாம். இங்கே எதற்குப் பொய்? தேநீரில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

ஐசியுவில், மலையிலிருந்து வரும் குடும்பங்களோடு உறுப்புதானம் பற்றித் தமிழில் பேச ஆள் வேண்டுமாம். வருகிறாயா என்றார் மேட்ரன். உடனே சரியென்றேன். சேவை மனப்பான்மை ஒன்றும் இல்லை. அவள் நின்ற இடத்தில் நான் நிற்பதை அவள் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றுதான் முதல் தடவை என்னைக் கூப்பிட்டார்கள்.

லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோசு பயிரிடும் ஒருவர். மோட்டார் சைக்கிள் விபத்து. மூளைச்சாவு என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். மனைவி மணியம்மா, தோட்டத்துச் சேறு அப்பிய பூட்ஸோடு தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார். வார்டே திரும்பிப் பார்த்தது.

இவங்க ஒத்துக்க மாட்டாங்க. கேட்க வேண்டாம். திரும்பிப் போய், குடும்பம் பேசுகிற நிலையில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

நானா அப்படி நினைத்தேன்? நானேதான்.

கால் பின்னால் இழுத்தது. போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் யார் என்று சொன்னேன். கேட்டேன்.

என் காலரைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். "ஒன் புருஷனா இருந்தா குடுப்பியாடி?"

"குடுத்திருப்பேங்க்கா. என்னைய யாரும் கேக்கல."

பிடி தளரவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை.

காலரை விடாமலேயே கேட்டார்: "என்னென்ன எடுப்பாங்க?"