சம்பந்தி வீட்டுச் சுவரில் உங்கள் படம்

என் பிரியமான மாமா,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நீங்கள் போன பிறகு மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

நான் கானா நாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். டெமா என்கிற துறைமுக ஊர். பக்கத்துத் தெரு சாந்தா அக்கா கப்பல் பயணம் கிளம்பினார். "டெக்சாஸ்ல இந்தக் கேட்டி ஊருல தனியா உக்காந்து என்ன பண்ணப் போற மாலதி? டிக்கெட் புக் பண்ணு, வா" என்று இழுத்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகப் போகும் கப்பல். அது டெமாவில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்ததும் சரி என்றேன்.

ஏனென்றால், நம் மகள் நிலாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை, நீங்கள் வேண்டாம் என்ற அதே கோஜோதான். நீங்கள் போய் ஒரு வருஷம் கழித்து, ரவுண்ட் ராக் ஊரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் எளிமையாக நடந்தது. கோஜோவின் அம்மா எசிக்கு விசா கிடைக்கவில்லை. அவர் இருப்பது டெமாவில்.

"அவந்தான் வேணும்னா அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்கச் சொல்லு." நீங்கள் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை என் பக்கம் நீட்டினீர்கள், மாரடைப்பு வந்த அந்த மதியம் வரைக்கும். உங்கள் எண்ணெய்க் கம்பெனியில் கானாக்காரர் ஒருவர் இருந்தாரே. வீட்டுக்கு அழைத்துவந்து என்னைப் பிரியாணி செய்யச் சொன்னீர்களே. "தங்கமான மனுசன்" என்பீர்கள். நண்பனென்றால் தங்கம், மருமகன் என்றால் மட்டும் என்ன மாமா?

கப்பல் கரையை நெருங்கும்போது நிலா போன் செய்தாள். "அம்மா, ஜஸ்ட் பி நைஸ், ஓகே? அப்பா பத்தி எதுவும் பேச வேண்டாம்."

"ஏன் சாமி?"

"ஜஸ்ட் டோன்ட், மா."

எனக்கு அப்போது புரியவில்லை.

சாந்தா அக்காவும் மற்றவர்களும் டூர் பஸ்ஸில் ஏறினார்கள். எசி துறைமுக வாசலில் காத்திருந்தார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைப்போல் கணவரை இழந்தவர். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, மீன் சுடும் புகையைத் தாண்டி டாக்ஸி போனது. வழியெல்லாம் என் கையை விடவேயில்லை.

வீட்டில் தட்டப்பயறைச் செம்பனை எண்ணெயில் வேகவைத்துக் குழம்பாக்கி, நேந்திரம்போன்ற பழுத்த வாழையை வறுத்து வைத்திருந்தார். அன்று சனிக்கிழமை, நான் கறி தொடமாட்டேன் என்பதை நிலா சொல்லியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் அவர் கணவரின் படம். அதற்குப் பக்கத்தில் நீங்கள்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். "நிலா அனுப்பிய படம்" என்றார் எசி. "போவதற்கு முன்னால் இரண்டு பேர் கையையும் பிடித்து ஆசீர்வாதம் செய்தாராமே. தினமும் காலை ஜெபத்தில் அவருக்கு நன்றி சொல்கிறேன்."

தலையை ஆட்டியிருந்தால் போதும். சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு மனுஷி கடவுள் முன்னால் தினமும் சொல்கிற நன்றி அது. அதற்கு நான் எப்படித் தலையாட்டுவது?

"அவர் ஆசீர்வாதம் செய்யவில்லை. நிலாவிடம் பேசாமலேயே போய்விட்டார்" என்றேன்.

எசி திரும்பிச் சுவரிலிருந்த உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என் மகன் கறுப்பு என்பதாலா?"

"ஆமாம்."

அந்த ஒரு சொல்லைச் சொல்ல என் நாக்கு எப்படிக் கூசியது தெரியுமா? அதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அவர் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். "அன்பான முகம் என்று நினைத்தேனே."

"அன்பானவர்தான். அதுவும் பொய்யில்லை."

படத்தை மேஜைமேல் வைத்தார். "சாப்பாடு ஆறுகிறது, வாருங்கள்" என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். துறைமுகம் வரைக்கும் கூடவே வந்தார். வாசலில், "நிலா என் மகள். அதில் மாற்றமில்லை" என்றார். படத்தை என்ன செய்வார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கப்பலிலிருந்து நிலாவிடம் சொன்னேன். வெடித்தாள். "ஒய் வுட் யூ டெல் ஹெர், மா? அப்பாவ அவங்க தப்பா நெனைக்கக் கூடாதுன்னுதான் நான் அப்படிச் சொன்னேன்! ஐ வாஸ் ப்ரொடெக்டிங் ஹிம்."

கேட்டீர்களா மாமா? நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பெண், உங்கள் பேர் கெடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போய்க் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செய்தது சரியா? உங்களிடம் கேட்டால் மட்டும் பதில் கிடைக்கவா போகிறது?

ஊர் திரும்பியும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் ரவுண்ட் ராக்கிலிருந்து தானே டிரைவ் பண்ணி வந்தாள், நிறைமாத வயிற்றோடு. சமையலறையில் என் பின்னால் வந்து நின்று, "அவருக்கு என்னைப் பிடிச்சுதுதானே, மா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். "உசுரே நீதான் சாமி" என்றேன். அவள் அழுதாள். நானும்தான்.

பிறக்கப்போகும் குழந்தை ஒருநாள் தாத்தாவைப் பற்றி என்னிடம் கேட்கும். நிலா சைக்கிள் பழகியபோது டெக்சாஸ் வெயிலில் தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடினீர்களே, அதைச் சொல்வேன். அவளோடு பேசாமல் போனதையும், ஏன் என்பதையும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றதை ஒளிக்கமாட்டேன். இது சத்தியம் மாமா.

இன்னும் உங்கள் மேல் கோபம் தீராத, உங்களை விடவும் முடியாத மனைவி,
கோஜோவின் அத்தை, எசியின் சம்பந்தி,
மாலதி