பாதி வெல்லத்துப் பாயசம்

1979, ஐப்பசி 4

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, வீட்டுக்காரி எழுதுகிறாள். ஐந்து வரை படித்தவள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று பேச்சு.

மருமகளுக்கு வளைகாப்பு, இன்னும் எட்டு நாள். மதியம் தனியாக வந்து நின்றாள். "மாமா, எங்கப்பாவுக்குக் கால்புண்ணு ஆறவே மாட்டேங்குது. சக்கர எறங்கலேன்னா வெரல எடுக்கணுங்கிறாரு டாக்டரு. இங்க வந்தா பாயசத்த விடமாட்டாரு."

விடமாட்டார்தான். ராசிங்காபுரத்துச் சம்பந்தி, பெரிய கரண்டியில் நாலு வாங்குகிற ஆள். தடுக்கவும் முடியாது. போன தையில் ஒரு கல்யாணப் பந்தியில், "சக்கரக்காரருக்கு இனிப்பு வைக்காதப்பா" என்று எவனோ கத்த, பாதிச் சோற்றில் இலையை மடித்து எழுந்தார். வெளிப்பக்கமாக மடித்தார். அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சில்லை.

முடிவு: அவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. பந்திக்கே பாதி வெல்லம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

ஐப்பசி 6

மழை. வீட்டுக்காரி சண்டை. "வளைகாப்புப் பாயசத்துல வெல்லத்தக் கொறச்சா கஞ்சப்பயகன்னு ஊரே பேசும்." இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுகிறாள்.

இருபத்தெட்டு வருடம் மலையில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சோலி பார்த்தவன் நான். மணம் ஏறினால் நாக்கு இனிப்பைத் தேடாது. பாதி வெல்லம் போட்டு, ஒரு பிடி ஏலக்காயை ஓட்டோடு இடித்துப் பருப்போடு கொதிக்க விட்டேன்.

கசப்பு. போடிக்காரன் புத்தி, ஊரெல்லாம் ஏலக்காய் கிடக்கிறதே என்று அள்ளிப் போட்டது.

வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, "கசாயம் நல்லாருக்கு. சளி புடிச்சவுகளாப் பாத்துப் பந்திக்குக் கூப்புடுங்க."

ஐப்பசி 9

படுத்தபடி யோசனை. ஸ்டோர்க் கதவைத் திறந்த மாத்திரத்தில் முகத்தில் அடிக்கும் மணம், சாயங்காலம் வரை திறந்தே கிடந்தால் இருக்காது. கொதித்தாலும் அப்படித்தானே ஓடிப்போகும்?

ஓட்டைக் கழித்தேன். உள்ளே இருக்கும் ஏல அரிசி, அந்தக் கறுப்பு விதை மட்டும், எட்டுக் காய்க்கு. பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்தேன். அடுப்பை அணைத்த பிறகே ஏலப்பொடி, உடனே மூடி.

வீட்டுக்காரி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். "இத எழுத மாட்டேன்" என்றாள்.

மற்றவை: அதிரசம் கிடையாது. பணியாரம், குழிக்கு ஒரு சொட்டு எண்ணெய். அப்பளம் சுட்டது. அவரைக்காய் இரண்டு மடங்கு. எல்லோருக்கும் சின்னக் கரண்டி.

ஐப்பசி 12

நல்ல மழை. பஸ்சை விட்டு இறங்கிய சம்பந்தி, காலில் கட்டு, விந்தி விந்தி நடை. "முள்ளுக் குத்திருச்சு" என்றார். நானும் "அப்படியா" என்றேன்.

வளையல் போட்டு முடிந்து பந்தி. பாயசத்தை நானே எடுத்துப் போனேன்.

"என்ன மச்சான், சம்பந்திக்குக் கரண்டி சிறுத்துப்போச்சு?"

"பெருசுன்னா எலைய விட்டு ஓடுது மச்சான். கேட்டு வாங்குங்க."

வழித்துக் குடித்தார். கண்ணை மூடினார். பக்கத்து இலையில் அவர் தம்பி, "மணம் இருக்கு, வெல்லம் எங்கண்ணே ஒளிஞ்சிருக்கு?" என்றான்.

"வெல்லந்தான் திங்கணும்னா மண்டிக்குப் போடா" என்றார் சம்பந்தி. "மச்சான், இன்னொரு கரண்டி ஊத்துங்க."

இரண்டு சின்னக் கரண்டி, அதிலும் பாதி வெல்லம். பழைய நாலு எங்கே, இது எங்கே! இலையை உள்பக்கமாக மடித்தார். கதவோரம் மருமகள், இரண்டு கையும் வளையலாக, அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூரிப்பில் எனக்கு அன்றைக்குச் சட்டை பத்தவில்லை.

ஐப்பசி 27

வெயில். ராசிங்காபுரம் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்து வந்தான் மகன். அங்கே இப்போது அவள் கைச்சமையல்தானாம், பத்தியமாக. புண் காய்கிறது. விரல் தப்பியது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சம்பந்தி சொல்லிவிட்டது, மகன் வந்து சொன்னபடி: "ஒங்கப்பன ஏலக்கா ஒரு பிடி குடுத்துவிடச் சொல்லு. வெல்லம் பாதின்னு எனக்கு மொத வாயிலேயே தெரியும். பந்தியில அந்தாளு மொகம் சுண்டிறக் கூடாதேன்னுதான் ரெண்டாங் கரண்டி கேட்டேன்."

வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து எழுத்தெல்லாம் கோணல்.

பச்சை மாறாத காயாகப் பொறுக்கியாயிற்று. இரண்டு பிடி.