தலை முழுகச் சொன்னார்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தையல் கொட்டகையில் மூன்று இடத்தில் ஒழுகல். சிதம்பரம் போனால் தார்ப்பாய், ஊக்கு, கறுப்பு நூல்.

ஆறு வருடமாக என் கொட்டகையில் ஜெபக்கூட்டம். வரும் ஞாயிறு முதல் அதுதான் பாப்டிஸ்ட் சபை. பெயர், பதிவேடு எல்லாம் உண்டு. பாஸ்டர் கடலூரிலிருந்து பைக்கில் வந்து உறுப்பினர் பட்டியல் வாசித்தார். ஒன்பது பேர். என் பெயர் இல்லை.

"முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவுங்கதான் உறுப்பினர். ஆர்.சி. கத்தோலிக்கக் கோயில்ல புள்ளையா இருக்கசொல்ல தலையில தண்ணி ஊத்துனது சேராதுக்கா."

ஆறு வருடம் பாய் விரித்துச் சுருட்டியது மட்டும் சேரும். சரி, ஞாயிறே முழுகுகிறேன் என்றேன்.

13, புதன்

வெயில். ரவிக்கை நான்கு வெட்டினேன், ஒன்றில் கைத்துணி மாறிவிட்டது. புத்தி எங்கே இருக்கிறது.

பாஸ்டர் போன் செய்தார். தண்ணீரில் நிற்கும்போது, இதற்கு முன் ஞானஸ்நானம் எடுத்ததுண்டா என்று கேட்பாராம். நான் "இல்லை" என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டுமாம்.

என் பெண் தெரேசாவைப் பற்றிக் கேட்டேன். பிறந்து ஒன்பது நாள்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரி ஒருவர் டம்ளரில் தண்ணீர் எடுத்து அவள் தலையில் ஊற்றிப் பெயர் வைத்தார். அவளுக்கென்று இந்த உலகத்தில் நடந்தது அது ஒன்றுதான்.

"புள்ள பரலோகத்துலதான் இருக்கு, சந்தேகமே வேணாம். ஆனா அது ஞானஸ்நானம் கெடையாதுக்கா. வெறும் தண்ணி."

வெறும் தண்ணியாம். போனை வைத்துவிட்டேன்.

15, வெள்ளி

லீவு நாள். பள்ளிக்கூட மைக் சத்தம். தார்ப்பாய் வாங்கியாயிற்று, நூல் மறந்துபோச்சு.

இவரிடம் சொன்னேன். சிப்காட் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டே, "ஒரு வார்த்தைதான, சொல்லிட்டு வாயேன்" என்றார். பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கும் ஷிப்டில்தான் இருந்தார். பிள்ளையைத் தூக்கியதே இல்லை. இவருக்கு ஒரு வார்த்தைதான்.

எதிர்வீட்டுச் செல்வி போன வருடம்தான் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தாள். பட்டியலில் இருக்கிறாள். கள்ளமில்லாமல் சொல்கிறாள்: "தலை முழுகிட்டா வேலை முடிஞ்சிச்சுக்கா."

வேண்டாம் என்று உதறியவர்களைத்தான் தலை முழுகிவிட்டேன் என்போம். நான் யாரை உதற?

17, ஞாயிறு

மேகமூட்டம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர், கலங்கல். கரையில் பாட்டு.

பாஸ்டர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் இறங்கினேன், பொய் எதற்கு. வாயில் வரவில்லை.

"எடுத்திருக்கேன்" என்றேன். "என் பொண்ணும் எடுத்திருக்கா."

பாட்டு நின்றது. அவர் குனிந்து, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா, நேரமாகிறது என்றார். தலையிலிருந்த அவர் கையை எடுத்துவிட்டுக் கரையேறினேன். இடுப்புக்குக் கீழே ஈரம், தலை காய்ந்தபடியே. ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

என் கொட்டகையில் சபை தொடங்கிவிட்டது. நான் பின்கட்டில் புடவை பிழிந்துகொண்டிருந்தேன். செல்வி வந்து நின்றாள்.

"பாஸ்டர் கோச்சிக்கலக்கா. பதிவேட்டுல ஒங்க பேருக்கு ஒரு வரி காலியா உட்டிருக்காரு. மனசு மாறுனா எழுதிக்கலாமாம்."

அந்த வரியில் தெரேசா என்று எழுதச் சொல் என்றேன்.