டால்பின் நிற்கிற இடம்

என் பிரியமான மாமா,

இறந்துபோனவருக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. நீங்கள் உயிரோடு இருந்தபோதே ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் நீங்கள் அந்தமானுக்குப் புறப்பட்டுவிட்டதாக விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவ்வளவு தூரம் கிளம்பியவரை நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?

பிளக்ஸ் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். கழுத்துக்கு மேலே நீங்கள், மஞ்சள் தொப்பியோடு. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பயல். வயிற்றில் கட்டுக்கட்டாகச் சதை, பூப்போட்ட அரை டிராயர், கையில் இளநீர். பின்னால் கடல், தென்னை மரம், உங்கள் காதோரமாகத் துள்ளுகிற ஒரு டால்பின். மேலே கொட்டை எழுத்தில், ‘அதிரட்டும் அந்தமான்! புறப்பட்டார் எங்கள் மாப்ள!’ அதற்குக் கீழே உங்கள் பிறந்த தேதி, இறந்த தேதி. அடிவரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட முகங்கள். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளதைச் சொன்னால், உங்களுக்கும் பிளக்ஸ் என்றால் கொஞ்சம் சபலம்தான். நம் பவி பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்கு உங்கள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வாசலை மறைத்துப் பிளக்ஸ் வைத்த ஆள்தானே நீங்கள்? ஆனால் அதில் கழுத்துக்குக் கீழேயும் பவிதான் இருந்தாள்.

இது யார் வேலை என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள்தான். பிளக்ஸ் கடை சேகர் அண்ணன், நிலத் தரகு பார்க்கிற முத்துராமன் அண்ணன், அவர்களோடு சேர்ந்த ஜமா. உங்களை மாப்ள என்பார்கள், அதனால் என்னை வாய் நிறையத் தங்கச்சி என்பார்கள். நம் மொட்டை மாடியில் உட்கார்ந்து நான் சுட்டுக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டு எத்தனை வருஷம் இந்த அந்தமானைப் பேசியிருப்பார்கள்! அவர்களுக்கு அது பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்கிற பேச்சு. அதை நிஜமாக நம்பியது நீங்கள் ஒருவர்தான்.

திருவாதவூர்க் கண்மாய் நிறைந்து அலையடிப்பதைப் பார்த்து அதுதான் கடல் என்று நம்பி வளர்ந்த ஆள் நீங்கள். கடையில் கை முழுக்க கிரீஸோடு, சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளித் தீவு வீடியோவாகப் பார்ப்பீர்கள். எந்த மாதம் மழை, எந்த நேரம் கடல் உள்வாங்கும், எந்தக் காட்டு வழியில் அட்டை கடிக்கும் என்றெல்லாம் என்னிடம் ஒப்பிப்பீர்கள். “காட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கணும் தனம். ஒரே மரமா, இருட்டா இருக்கணும். ஒரு வளைவு திரும்புனா, திடீர்னு முன்னாடி கடல் நிக்கணும்.” இதைச் சொல்லும்போது உங்கள் கை நிஜமாகவே ஒரு வளைவு போடும்.

காட்டில் நடக்கப் பழக வேண்டும் என்று எல்லோரையும் சமணர் மலைக்குக் கூப்பிட்டீர்கள். முதல் ஞாயிறு மொத்த ஜமாவும் வந்தது, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. அப்புறம்தான் என்னைக் கூட்டிப்போனீர்கள். உங்களுக்கு டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய புது ஷூ, எனக்கு உங்கள் பழைய கேன்வாஸ். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூச்சு வாங்கி நிற்பேன். “இந்தா, அந்தமான் வந்துருச்சு, இன்னும் நாலு எட்டு” என்று கேலி செய்தே உச்சிக்கு ஏற்றிவிடுவீர்கள். இறங்கி வந்து குடித்த பருத்திப்பால் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஒரு தடவை பவியும் வந்தாள். பாறை மேல் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படம் எடுத்தாள். நீங்கள் மஞ்சள் தொப்பியில், நான் மல்லிகைப்பூவோடு உங்கள் மேல் சாய்ந்துகொண்டு. அதை உடனே கூட்டாளிகள் குரூப்பில் போட்டீர்கள். “நாங்க ரெடி, நீங்க?” என்று கேட்டு எழுதினீர்கள். நாங்க என்றால் நானும் நீங்களும்தானே, மாமா?

அதற்கு அடுத்த மாதம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனபோதும் ஆண்கள்தான் போனார்கள். பொம்பளை எதற்கு என்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

சரி, பிளக்ஸுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் ஆரப்பாளையம் மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் கழுத்து சொன்னபடி கேட்கவில்லை. உற்றுப் பார்த்தேன். அந்தத் தொப்பி, வெயிலுக்குச் சுருங்கிய அந்தக் கண். இது சமணர் மலைப் படம். டால்பின் வாலுக்குக் கீழே வெள்ளையாக என்னமோ எட்டிப் பார்த்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மல்லிகைப்பூ. என் தலையில் இருந்த பூ. என் தலை உங்கள் காதோடு ஒட்டியிருந்ததால் சுத்தமாக வெட்ட வரவில்லை போலிருக்கிறது. அதனால் என் மேல் ஒரு டால்பினைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

பஸ் வந்தது, போனது. நான் அங்கேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் அண்ணனும் முத்துராமன் அண்ணனும் வீட்டுக்கு வந்தார்கள். ஃபேனுக்கு அடியில் பார்த்து உட்கார்ந்தார்கள். உங்கள் முகம் அச்சடித்த டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள். முத்துராமன் அண்ணனின் தொப்பையில் உங்கள் கன்னம் உப்பி, உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இருந்தது.

“தங்கச்சி, மாப்ள கனவை நாங்க நெறவேத்தப் போறோம். பிளக்ஸை சுருட்டி பிளைட்லயே கொண்டுபோறோம். பீச்சுல நிறுத்தி வீடியோ எடுத்தா சும்மா தெறிக்கும் பாத்துக்க” என்றார் முத்துராமன் அண்ணன்.

“அந்தக் காட்டு வழியிலயும் கொண்டு போவீகளாண்ணே? அவரு நடக்கணும்னு சொன்ன வழி?”

“அட போ தங்கச்சி, அம்புட்டுத் தூரம் எவன் நடப்பான்? போட்டுல போயி நேரா பீச்சுல எறங்க வேண்டியதுதான். ரிசார்ட்டுல ரூம்பு போட்டாச்சு. நீச்சல் குளமெல்லாம் இருக்கு.”

சுற்றிலும் கடல் இருக்கிற தீவுக்குப் போய் இவர்கள் நீச்சல் குளத்தில் குளிக்கப் போகிறார்கள், மாமா. நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தில் காட்டைத் தூக்கிவிட்டார்கள், நடையைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பாட்டிலும் உங்கள் தலையும்தான்.

அதற்கப்புறம் சேகர் அண்ணன் தொண்டையைச் செருமினார். “மாப்ளயோட அந்த ஷூவைக் குடுத்தீகன்னா, மணல்ல வச்சு, அலை வந்து தொடுற மாதிரி ஒரு வீடியோ எடுத்துட்டு, அப்படியே கடல்ல விட்டுருவோம். பாக்குறவன் அழுதுருவான்.”

ஷூவைக் கடலில் கரைக்கிற சாங்கியத்தை எந்த ஊரில் பார்த்தார்களோ! ஆனால் பவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஷூ டப்பாவை எடுத்துவந்து சேகர் அண்ணன் மடியில் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா எப்படியாவது கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு. அந்த டப்பா அவர் மடியில் இருந்ததைப் பார்த்ததும்தான் என் வாய் திறந்தது.

“அப்ப நானும் வாரேன்ணே.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நாங்கல்லாம் ஆம்பளைக, தங்கச்சி. அங்க போயி கொஞ்சம் அப்படி இப்படி இருப்போம்” என்று சிரித்தார் முத்துராமன் அண்ணன்.

“நானும் பவியும் தனி ரூம்புல இருந்துக்கிறோம்.”

“அதுக்கில்ல. இன்னும் வருசம் திரும்பல. ஊருல நாலு பேரு என்ன பேசுவாக?”

“செத்தவரு டிராயரைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு. அதைப் பேசாத ஊரா என்னையப் பேசப்போகுது?”

முத்துராமன் அண்ணன் காபி டம்ளரை எடுத்து உறிஞ்சினார். எனக்குக் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. சேகர் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். “அந்த டால்பினுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு தெரியுமாண்ணே?”

அவர் தரையைப் பார்த்தார். “தப்பா நெனைக்காத தங்கச்சி. அந்தப் போட்டோவுல நீ பூ வச்சிருந்த. இப்ப அதை அப்படியே போட்டா பாக்குறவுகளுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. அதான், ஒனக்காகத்தான் மறைச்சோம்.”

சீ என்று ஆகிவிட்டது, மாமா. இதைவிட நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். செத்துப்போன நீங்கள் இளநீர் குடிக்கலாம், கடலுக்குப் போகலாம். உயிரோடு இருக்கிற நான் படத்தில்கூடப் பூ வைத்திருக்கக் கூடாது. இந்த அசிங்கத்தை எனக்குச் செய்த உபகாரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குடித்து வைத்த காபி டம்ளரைத் தொடக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குள் பவி எழுந்தாள். சேகர் அண்ணன் மடியிலிருந்து டப்பாவை எடுத்துத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “காபி குடிச்சாச்சுல்ல மாமா? கெளம்புங்க” என்றாள். குரல் அப்படியே உங்கள் குரல். கடையில் பாக்கி வைத்துத் தராதவனிடம்கூட நீங்கள் இப்படித்தான் பேசுவீர்கள், சத்தம் போடாமல்.

மறுநாள் காலையில் நானும் அவளும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். டீக்கடை ஸ்டூலை வாங்கி அதில் ஏறி நின்றேன். பவி காலைப் பிடித்துக்கொண்டாள். துணி வெட்டுகிற கத்தரியால் உங்கள் தலையையும் அந்த டால்பினையும் சேர்த்து ஒரு சதுரமாக வெட்டினேன். சைக்கிளில் போன ஒருவர் நின்று, “ஏம்மா, யாரைக் கேட்டு வெட்டுற?” என்று அதட்டினார்.

“தலை எங்க வீட்டுதுண்ணே. ஒடம்புக்குச் சொந்தக்காரன் வந்தா ஒடம்பை எடுத்துக்கிரட்டும்.”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பல நாள் கழித்து எனக்கும் சிரிப்பு வந்தது. தலையில்லாத அந்தப் பயல் அடுத்து வந்த காற்றுக்குக் கிழிகிறவரை இளநீரோடு அங்கேயேதான் நின்றான். உங்களுக்குக் கேட்டிருக்குமா அந்தச் சிரிப்பு?

அவர்கள் வேறு பிளக்ஸ் அடித்துக்கொண்டு போகப்போகிறார்களாம். போகட்டும். உங்கள் அக்கா போன் பண்ணி, ஒத்தாசைக்கு இருக்கிற ஆண்களை இப்படியா பகைத்துக்கொள்வாய் என்று திட்டினார். கேட்டுக்கொண்டேன். நம் வீட்டு மோட்டார் வேறு மறுபடி காற்றுப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏற்ற மாட்டேன் என்கிறது. மோட்டார்க்காரர் வீட்டில் குடத்தோடு நிற்கிறார்களே என்று தெருவே சிரிக்கிறது. அதற்கு என்ன செய்வீர்கள் என்று பவி யோசித்து யோசித்துப் பார்க்கிறாள். வால்வில் ஏதோ தட்டுவீர்களே, எங்கே தட்டுவீர்கள்?

போன ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் சமணர் மலைக்குப் போனோம். உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டேன். இரண்டு சாக்ஸ் போட்டும் குதிகால் வெளியே வந்து வந்து போனது. பாதியில் மூச்சு வாங்கியது. இன்னும் நாலு எட்டு என்று சொல்ல யாரும் இல்லை, நானே சொல்லிக்கொண்டேன். உச்சிக்குப் போய்விட்டோம். அந்தப் பாறையில் உட்காரத்தான் முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

உங்கள் வருஷத் திதி முடியட்டும் என்று எனக்கும் இருக்கிறது. ஊருக்காக இல்லை, அதுவரை உங்களுக்கு விளக்குப் போட நான் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக. தை பிறந்ததும் நானும் பவியும் கிளம்புகிறோம். போட்டில் போய் இறங்க மாட்டோம். நீங்கள் சொன்ன காட்டு வழியில்தான் நடப்போம், அட்டை கடித்தாலும் சரி. ஷூ என் காலில் இருக்கும், கடலுக்குக் கொடுக்க மாட்டேன். பூ வைப்பதும் வைக்காததும் என் தலை விஷயம், அதற்குச் சேகர் அண்ணன் டிசைன் போட வேண்டாம். ஆனால் உங்களிடம் கேட்கலாம் இல்லையா? அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டுமா, மாமா?

இது சத்தியம். அந்த வளைவு திரும்பியதும் முன்னால் கடல் நிற்கிறதா என்று பார்த்து வந்து சொல்கிறேன். அங்கே தண்ணீரில் நிஜமான டால்பின் ஒன்று துள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தால், அதனிடமும் சொல்லிவிடுவேன்: கொஞ்சம் தள்ளி நில்லு, அது நான் நிற்கிற இடம்.

உங்கள் மாமன் மகள், உங்களோடு மலை ஏறியவள்,
தனம்